பார்ப்பதும் பறப்பின் பாதி

விமானம் ஓட்டுவதைக் கைகளின் வித்தை என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது முதலில் கண்களின் வேலை. 1956 யூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே, ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 128 பேரும் மாண்டனர். இரு தரப்பு விமானிகளும் மற்ற விமானத்தை உரிய நேரத்திற் காணவில்லை என்பதே விசாரணையின் முடிவு. காணாமற் போனதற்கு எடுத்துக்கூறப்பட்ட சாத்தியமான காரணங்களுள், விமானி அறையிலிருந்து வெளியே தெரியும் காட்சியின் குறுகலும் ஒன்று.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுவோர் எந்நேரமும் அந்தக் குறுகலுக்குள்ளேதான் பறக்கிறார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது முதலாவது பிளைட் சிமியுலேற்றரை 1982இல் வெளியிட்டது. அன்று வெறுங் கோடுகளாகத் தெரிந்த நிலம், 2020இல் வந்த பதிப்பில் மரமும் வீடும் தெருவுமாக விரிந்தது. ஆனாலும் அந்தப் பரந்த உலகத்தை நாம் ஒரு சாவித் துவாரத்தினூடாகவே பார்க்கிறோம். திரை முன்னால் நிற்கிறது, பக்கங்கள் இல்லை.

இதனால் வரும் இடர் தரையிறங்கும் வேளையில் நன்கு தெரியும். சிறிய விமானமொன்று ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையிற் பறந்து, ஓடுபாதையின் முனை தோளுக்குப் பின்னே சரிவாகத் தெரியும்போது திரும்பவேண்டும். அந்த முனையை விமானி தலையைத் திருப்பிப் பார்த்தே அறிகிறார். வீட்டில் இருப்பவரோ ஜொய்ஸ்ரிக்கின் உச்சியிலுள்ள சிறு பொத்தானை அழுத்தவேண்டும். கைக்கு ஏற்கெனவே வேலை அதிகமான நேரத்தில் பார்வையும் கையின் பொறுப்பாகிவிடுகிறது.

தலையின் அசைவைப் பின்தொடரும் மென்பொருள் இந்தச் சுமையைக் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. முன்பு இதற்கு அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ட்ராக் ஐஆர் போன்ற தனிக் கருவிகளை, நூறு டொலருக்கும் மேல் கொடுத்து, வாங்கவேண்டியிருந்தது. இன்று ஓபன்ட்ராக் என்னும் இலவச மென்பொருள், சாதாரண வெப் கமராவில் தெரியும் முகத்தைக் கொண்டே தலை எப்பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது, முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்று கணக்கிட்டுச் சிமியுலேற்றருக்குச் சொல்கிறது. தலை சில பாகை திரும்பினால் திரையிற் காட்சி பல மடங்கு திரும்பும். அதனால் கண்கள் திரையை விட்டு விலகவேண்டியதில்லை.

சில சங்கடங்கள் உண்டு. செக்கனுக்கு 30 படங்கள் எடுக்கும் கமராவிடம் மின்னல் வேகத்தை எதிர்பார்க்க முடியாது. காட்சி நடுங்காதிருக்க அசைவை மென்மையாக்கினால் தாமதம் கூடும். தாமதத்தைக் குறைத்தால் நடுக்கம் கூடும். இரண்டுக்கும் இடையே அவரவர் பொறுமையோடு ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். முகத்தில் முன்னாலிருந்து ஒளி விழவேண்டும். முதுகுக்குப் பின்னே யன்னல் திறந்திருந்தால் கமரா தடுமாறும். நேரே பார்க்கும்போது காட்சி அலையாதிருக்க, நடுவிலே சிறிதளவு அசைவைப் பொருட்படுத்தாமல் விடும்படி அமைக்கலாம்.

தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் திரையில் நிறுத்துவது இயற்கைக்கு மாறானது என்பார்கள். உண்மைதான். முகத்தில் அணியும் மெய்நிகர்க் கண்ணாடி இதனிலும் மேலானது என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அதற்கு வலுமிக்க கணினி வேண்டும், பணமும் வேண்டும். மேசையிலிருக்கும் வரைபடமும் விசைப்பலகையும் அதை அணிந்தவரின் கண்ணுக்கு மறைந்துவிடும்.

எனது கருத்து இதுதான்: இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் இளைஞர்கள் விலையுயர்ந்த சுக்கானையும் காற்பலகைகளையும் வாங்குமுன், தம்மிடம் ஏற்கெனவே உள்ள கமராவைப் பயன்படுத்திப் பார்க்கட்டும். சிமியுலேற்றரிற் பழகிவிட்டுப் பறக்கவரும் மாணவர்கள் வெளியே பாராமல் கருவிகளையே உற்றுநோக்குகிறார்கள் என்பது பறப்புப் பயிற்றுநர்களின் நெடுநாளைய முறைப்பாடு. தலையைத் திருப்பினால் ஏதாவது தெரியும் என்றிருந்தால்தானே ஒருவன் திருப்புவான்? கமரா எவரையும் விமானியாக்கிவிடாது. வெளியே பார்க்கும் பழக்கத்தையாவது அது கெடுக்காமல் விடும்.