ஆட்டோ பட்டன் சொல்லும் சாட்சி

‘ஆஃப்’ என்ற கேமை விளையாடியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பூனையைச் சொல்வார்கள், இசையைச் சொல்வார்கள், கடைசியில் வரும் அந்தத் தேர்வைச் சொல்வார்கள். சண்டையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். திறந்தாலும் ‘ஆட்டோவில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முறைவாரிச் சண்டையையே முதுகெலும்பாகக் கொண்ட ஒரு ஆர்.பி.ஜி.க்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் வேண்டியதில்லை. ஆனாலும் 2008இல் இலவசமாக வெளிவந்த இந்த அமெச்சூர் படைப்பைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இவ்வளவு பலமும் இவ்வளவு பலவீனமும் ஒரே கேமில் எப்படிக் குடியிருக்கின்றன என்பது கேம் செய்யும் நமக்கு உதவக்கூடிய கேள்வி.

பெல்ஜியத்தைச் சேர்ந்த மோர்ட்டிஸ் கோஸ்ட் என்ற படக்கதை ஓவியர் பிரெஞ்சு மொழியில் செய்த கேம் இது. இசை, அலையஸ் கான்ராட் கோல்ட்வுட் என்ற புனைபெயரில் எழுதியவருடையது. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் ரசிகர்கள். கருவி, ஆர்.பி.ஜி. மேக்கர் 2003. அதன் எல்லைகளை இன்று தொழிலுக்கு வருபவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்: திரை 320க்கு 240, ஒரு படத்துக்கு 256 நிறங்கள், ஸ்கிரிப்ட் எழுத வழியே இல்லை. ரூபி மொழி இந்தக் கருவித் தொடருக்குள் வந்தது அடுத்து வந்த எக்ஸ்.பி. பதிப்பில்தான். 2003 பதிப்பில் வேலை செய்தவருக்குக் கையில் இருந்தது நிகழ்வுக் கட்டளைகளும் பொறுமையும் மட்டுமே.

அந்த எல்லைக்குள் ஓவியர் தொட்ட இடமெல்லாம் உயிரோடு இருக்கிறது. கருவியோடு வரும் கோட்டை, காடு, மரக்குடில் எதையும் அவர் எடுக்கவில்லை. தட்டையான ஒற்றை நிறப் பரப்புகளின் மேல் கறுப்புக் கோடுகளால் ஒரு உலகத்தை வரைந்தார். அங்கே புகையைச் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள், உலோகம் மாடுகளிலிருந்து வருகிறது, கடல் பிளாஸ்டிக். குடிமக்களான எல்சென்கள் எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே டை, ஒரே மூச்சிரைப்பு. ஒரே ஒரு மனித உருவை வரைந்துவிட்டு ஒரு நாட்டின் மக்கள்தொகை முழுவதையும் முடித்துக்கொண்ட சிக்கனம் இது என்பது செய்பவர்களுக்குப் புரியும். விளையாடுபவருக்கோ அது அலுவலக அச்சத்தின் உருவமாகத் தெரிகிறது. வசதிக்குறைவை இப்படி அர்த்தமாக மாற்றுவதுதான் அமெச்சூரின் உண்மையான திறமை. அந்த உலகில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்ற விஷயத்தை இங்கே சொல்லப்போவதில்லை; கேமின் மூன்றாம் மண்டலத்துக்கு நீங்களே போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.

கதாநாயகன் பேஸ்பால் உடை அணிந்த பேட்டர். உலகைத் தூய்மைப்படுத்துவது அவன் பணி. அவனுக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று கேம் விளக்குவதே இல்லை. ஆனால் அவனை இயக்குபவர் நீங்கள் என்பதைத் தொடக்கத்திலேயே உங்கள் பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மண்டலத்தின் காவலனையும் வீழ்த்தியபின் அதே மண்டலத்துக்குத் திரும்பிப்போக முடியும். போனால் நிறங்கள் போயிருக்கும். ஆட்கள் இல்லை. வெள்ளை வெளியில் வேறொரு இசை ஓடிக்கொண்டிருக்கும். திரும்பிப்போகும்படி கேம் உங்களைக் கட்டாயப்படுத்தாது, போனதற்காகப் பாராட்டாது, குற்றம் சொல்லவும் செய்யாது. ஏற்கெனவே வரைந்த வரைபடத்தில் நிறத்தை நீக்கிச் செய்த வேலை. செலவு மிகக் குறைவு. அதிலிருந்து கிடைக்கும் திடுக்கிடல், பெரிய நிறுவனங்களின் வெட்டுக்காட்சிகள் பலவற்றில் கிடைக்காதது.

இனி சண்டை. இங்கே கருவி கொடுத்ததை ஆசிரியர் அப்படியே எடுத்துக்கொண்டார். பக்கவாட்டுக் காட்சி, நிரம்பும் நேரப் பட்டை, அடி, திறன், பொருள், ஆட்டோ. பட்டை இருப்பதால் இது சுத்தமான முறைவாரி அல்ல என்று நம்மில் சிலர் சண்டைக்கு வருவார்கள். அது வேறு இதழுக்கான சண்டை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஆர்.பி.ஜி. மேக்கர் 2003இன் இயல்பான சேதக் கணக்கு, தாக்குபவரின் பலத்தில் பாதியிலிருந்து எதிரியின் தற்காப்பில் கால் பங்கைக் கழிப்பது. பலம் 40, தற்காப்பு 40 என்றால் சேதம் 10. புதிய மட்டை ஒன்று வாங்கிப் பலம் 60 ஆனால் சேதம் 20. ஒன்றரை மடங்கு பலம், இரு மடங்கு சேதம். பலம் 20 மட்டுமே இருந்தால் சேதம் பூஜ்யம். ஆக, சண்டை சுவாரசியமாக இருக்கக்கூடிய பல வரம்பு மிகக் குறுகலானது. ஒரு கடைக்குப் போய்வந்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். தாண்டியபின் ஆட்டோவை அழுத்துவது சோம்பேறித்தனம் அல்ல, அதுதான் சரியான ஆட்டம்.

எதிரிகளின் உயிர்ப்புள்ளியைக் கூட்டினால் இது தீராது. அதே ஆட்டோ இன்னும் நீளமாக ஓடும். தீர்வு திறன்களின் பக்கம் இருந்தது. பேட்டரோடு வரும் ஆல்ஃபா, ஒமேகா, எப்சிலான் என்ற மூன்று வளையங்களுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. ஆனால் ஒன்றின் செயல் மற்றொன்றின் தேவையை உண்டாக்குவதில்லை. யார் எப்போது எதைச் செய்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றே. பாஸ் சண்டைகளில்கூட மாறுவது படமும் வசனமும்தான், யோசிக்கும் முறை அல்ல. வழியில் வரும் எண் புதிர்களைப் பற்றி ஒரு வரி போதும்: குறித்துக்கொள், அழுத்து, மறந்துவிடு.

இதற்கு ஒரு தயார்நிலைப் பதில் உண்டு. தூய்மைப்படுத்தல் என்பதே மனமற்ற எந்திர வேலை. ஆகவே சண்டை சலிப்பூட்டுவது வேண்டுமென்றே செய்தது என்பார்கள். நாம் இதை ஏற்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அதற்கான அடையாளம் எங்காவது கேமுக்குள் இருக்கும். அச்சலிப்பை ஒரு கதாபாத்திரமாவது சுட்டும், ஒரு விதியாவது அதன்மேல் திரும்பும். கடைசியில் ஜட்ஜ் என்ற பூனையின் பக்கமா பேட்டரின் பக்கமா என்று கேட்கும் இடம் அதற்குச் சரியான வாய்ப்பு. அங்கும் மாறுவது நாம் யாரை இயக்குகிறோம் என்பதுதான். இயக்கும் விதம் மாறுவதில்லை. கருப்பொருளைக் கேடயமாகப் பிடித்துக் குறையைக் காக்கும் இந்தப் பழக்கம் அமெச்சூர் வட்டாரத்தில் வேர்விட்டிருக்கிறது. பாராட்டு போலத் தெரிந்தாலும் செய்தவருக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை.

கருப்பொருளைச் சண்டைக்குள் இறக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 2014இல் வந்த ‘லிசா’வும் ஆர்.பி.ஜி. மேக்கரில் செய்ததுதான், சில தலைமுறை புதிய பதிப்பில். அங்கே நாயகன் பிராட் போதை மாத்திரைக்கு அடிமை. மாத்திரை இல்லாதபோது அவன் அடி தளர்கிறது. ஒரு தேர்வில் அவன் கையை இழக்கலாம். இழந்த கை அதன்பின் வரும் ஒவ்வொரு சண்டையிலும் இல்லாமலே இருக்கும். கூட்டாளிகள் நிரந்தரமாகச் செத்துப்போகலாம். கதை சொல்லும் இழப்பைக் கணக்கும் சொல்கிறது. 2015இல் ‘அண்டர்டேல்’ செய்த டோபி ஃபாக்ஸ், தம்மைப் பாதித்த கேம்களில் ‘ஆஃப்’பையும் குறிப்பிட்டவர். அவர் எதிரியின் முறையை வெறும் காத்திருப்பாக விடவில்லை. குண்டுகளைத் தவிர்க்கும் சிறு ஆட்டமாக்கி, ஒவ்வொரு எதிரியின் குணத்தையும் அந்தக் குண்டுகளின் போக்கிலேயே எழுதினார். கொல்லாமல் விடுவதையும் மெனுவில் ஒரு கட்டளையாக்கினார். ‘ஆஃப்’பிடமிருந்து அவர் தொனியைக் கற்றார், சண்டையைக் கற்கவில்லை என்பது நம் கணிப்பு.

இன்று வீட்டிலிருந்து தனியாக ஆர்.பி.ஜி. செய்பவர்களிடம் நாம் கேட்பது நடைமுறையானது. நூறு சாதாரணச் சண்டைகளுக்குப் பதில் பன்னிரண்டைச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் போன சண்டையில் வென்ற வழி இம்முறை தோற்க வேண்டும். சேதக் கணக்கைக் கருவியிடம் விடாதீர்கள். மாற்ற முடியாத கருவி என்றால் கடையில் விற்கும் ஆயுதங்களின் இடைவெளியைச் சுருக்குங்கள். சோதனை செய்பவரிடம் ‘பிடித்ததா’ என்று கேட்பதைவிட, அவர் எந்த இடத்தில் ஆட்டோவை அழுத்தினார் என்று குறித்துக்கொள்வது மேல்.

2025இல் ‘ஆஃப்’ மறுபதிப்பாக, இம்முறை விலைக்கு வந்தது. சண்டை அமைப்பைத் திருத்தியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்த சலிப்பு என்று வாதாடியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் கோல்ட்வுட்டின் இசை அதில் இல்லை. புதிதாக இசையமைத்தவர்களில் டோபி ஃபாக்ஸும் ஒருவர். எல்லாரும் குறை சொன்ன பகுதி செப்பமானபோது, யாரும் குறை சொல்லாத பகுதி போய்விட்டது. மாணவர்களுக்குக் காட்டுவதென்றால் இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள், பழையதை முதலில்.