பெயர்த்தெடுத்த பின்பே சட்டத்தின் கண்ணில் படும் கதவு

வட ஆர்க்காட்டின் மரபுச் செல்வம் என்றால் வேலூர்க் கோட்டையும் அதனுள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபமும் ஆர்க்காட்டின் டெல்லி கேட்டும்தான் பட்டியலில் முதலில் வருகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த வீடுகள் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆனால் இப்பகுதியின் தச்சரும் கொத்தரும் கற்றிருந்த அலங்காரக் கலை நெடுங்காலம் உயிரோடிருந்தது அந்த வீடுகளில்தான்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அதன்மேல் அமைந்து, பின்னர் ரேணிகுண்டாவுக்கும் செங்கல்பட்டுக்கும் பாதைகள் பிரியும் சந்திப்பாக வளர்ந்த அரக்கோணம், இரண்டு வீட்டு மரபுகள் அருகருகே நிற்கும் ஊராயிற்று. ஒன்று, திண்ணை, ரேழி என்னும் நடை, முற்றம், அதைச் சுற்றிய தாழ்வாரம் என்று உள்ளே நீளும் தொண்டை மண்டலத் தெரு வீடு. மற்றொன்று, செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் முன் வராந்தாவும் கொண்ட ரயில்வே குடியிருப்பு. மேற்கே மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் வணிக ஊர்களில் மூன்றாவது மரபு ஒன்று உண்டு. ஆண்கள் விருந்தினரோடு அமரும் மர்தானாவையும் பெண்கள் புழங்கும் ஜனானாவையும் தனித்தனியாக வகுப்பது அதன் இயல்பு.

இவ்வட்டாரப் பழைய வீடுகளின் நுட்பத்தை அறிய மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம் ஒன்றே போதும். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பை அதன்மேல் பரப்பிப் பல நாள் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பாவுவார்கள். சாந்து இறுகுவதற்குக் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. சுவரின் மேற்பூச்சில் முட்டையின் வெண்கரு கலந்தால் அது சலவைக்கல்லைப் போல் பளபளக்கும். வாசல் நிலையின் மேற்பலகையில் தச்சர் செதுக்கிய கஜலட்சுமியும் தாமரை மொட்டும் கிளிகளும் பின்னர் ஒட்டவைத்த ஒப்பனை அல்ல. வீடு எழும்பும்போதே அதன் உறுப்பாக அமைந்தவை.

இவற்றைக் காக்க வேண்டிய சட்டத்தில் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தொல் நினைவுச்சின்னச் சட்டம் காப்பது, தேசிய முக்கியத்துவம் உடையவை என்று முறையாக அறிவிக்கப்பட்டவற்றை மட்டுமே; குடும்பம் வாழும் தெரு வீடு அந்த அறிவிப்புக்குள் வருவது அரிது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த, நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருளாகக் கருதி, தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. ஆகவே, கதவு வாசலில் நிற்கும்வரை அதற்குக் காவல் இல்லை. வீட்டை இடித்து, கதவைக் கழற்றிய பின்பே சட்டம் அதைத் திரும்பிப் பார்க்கிறது. 1920களில் எழுந்த வீடுகள் இப்போதுதான் நூறாண்டு வரம்பைத் தொடுகின்றன என்பதால், இந்த இடைவெளியின் விலை வரும் ஆண்டுகளில் இன்னும் கூடும்.

இந்த இழப்பு எப்படி முடியும் என்பதற்குச் செட்டிநாடு சான்று. அதன் ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் இடிந்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. புகழும் பட்டியலும் மட்டுமே ஒரு வீட்டை நிறுத்திவைப்பதில்லை. அதைப் பழுதுபார்ப்பது உரிமையாளருக்குக் கட்டுப்படியாக வேண்டும். மாடி கட்டினால் வாடகை வரும் என்னும் நிலையில், மரபைப் போற்றுங்கள் என்று குடும்பங்களுக்கு அறிவுரை கூறுவது மட்டும் நியாயமாகாது.

பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டத்தைத் தமிழகம் 2012இலேயே இயற்றியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. இனி அதன் பார்வை சென்னையைத் தாண்டி அரக்கோணம், ஆம்பூர் போன்ற நகராட்சிகளையும் எட்ட வேண்டும். இடிப்பதற்கு அனுமதி வழங்கும் முன் பழைய வீட்டை அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கலாம். காக்கும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் சலுகை அளிக்கலாம். ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த உமாயூன் மகாலை அரசின் பொதுப்பணித் துறையே சுண்ணாம்புச் சாந்தால் புதுப்பித்திருக்கிறது. அந்தக் கைத்திறன் இன்னும் அழியவில்லை என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய கைத்திறனில் பயிற்சியை ஆர்க்காட்டுச் சீமையின் இளம் கொத்தருக்கும் தச்சருக்கும் கொண்டுசேர்த்தால், பழைய வீட்டைப் பழுதுபார்ப்பது உள்ளூரிலேயே கிடைக்கும் வேலையாகும். வேலை நிலைத்தால் கலையும் நிலைக்கும்.