பக்கத்து நிலத்தில் எண்ணெய்க் கிணறு... சின்ன கம்பெனிக்கு லாபமா?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம், பாக்கன் எண்ணெய்ப் படுகை. இங்கே கொஞ்சம் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, சொந்தமாக ரிக் கூட இல்லாமல் காத்திருக்கும் சின்ன கம்பெனிகள் உண்டு. பக்கத்தில் பெரிய கம்பெனி துளையிட அனுமதி வாங்கினாலே போதும், ‘அடுத்து நம்ம நிலம்தான்’ என்று முதலீட்டாளர்கள் கிளம்பிவிடுவார்கள்.

இதைக் கண்காணிக்க உளவாளி வேண்டாம். மாநில அரசே தினசரி அறிக்கை வெளியிடுகிறது. கம்பெனி கேட்டால் கிணற்றின் விவரங்கள் 6 மாதம் வரை ரகசியமாக இருக்கும். ஆனால் யாருடைய கிணறு, எந்த இடம், எப்போது துளையிடத் தொடங்கினார்கள், எவ்வளவு எண்ணெய் வெளியே போனது... இதையெல்லாம் மறைக்க முடியாது. பாதிக் கதை அதிலேயே புரிந்துவிடும்.

சிக்கல் வேறு. 1,280 ஏக்கர் யூனிட்டில் 40 ஏக்கர் வைத்திருந்தால் பங்கு 3.125 சதவீதம். வருமானத்தில் மட்டுமல்ல பாஸ், செலவிலும்! ஒரு கிணற்றுக்குப் பல மில்லியன் டாலர் ஆகும். சேர மறுத்தால், அந்தச் செலவும் அதற்கு மேல் அபராதமும் கழியும்வரை காசு வராது.

அனுமதி வாங்கிய எல்லா இடத்திலும் கிணறு வருவதுமில்லை. எனவே பங்கு வாங்கத் துடிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, துளையிடத் தொடங்கிய தேதியையும் அந்தச் சின்ன கம்பெனியின் ரொக்கக் கையிருப்பையும்தான்.