இல்லறச் சிந்தனை: திண்ணையை மூடலாமா?



புதிய மனையில் வீடு கட்டுவோர்க்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் தம் விருப்பம்போல் திட்டமிடலாம். முன்னோர் கட்டிய வீட்டைச் செப்பனிட்டுக் குடியேறுவோரின் நிலையோ வேறு. அங்கே ஒவ்வொரு சுவரிலும் யாரோ ஒருவருடைய நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும். எதை இடிப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்யும்போது, கொத்தனாரிடம் பேசுவதைவிட வீட்டாரிடம் பேசுவதே பெரும்பாடாகிவிடும்.

புதுவையில், சம்பா கோவில் என்று ஊரார் அழைக்கும் சென்மராக்கினி அன்னை பேராலயத்திற்கு அருகே வாழும் சகோதரி ஒருவர் இத்தகைய இக்கட்டைத்தான் நமக்கு எழுதியிருக்கிறார். கணவருடைய பாட்டனார் கட்டிய வீடு. நெடுங்காலம் வாடகைக்கு விடப்பட்டுச் சிதைந்து கிடந்ததை வங்கிக் கடன் பெற்றுப் புதுப்பித்து, மாமியாரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குடியேறி மூன்று திங்கள் ஆகின்றன. இப்போது தெருத் திண்ணையைச் சுற்றி இரும்புக் கம்பிக் கதவு போட்டு அடைத்துவிட வேண்டும் என்கிறார் கணவர். "திண்ணையை மூடினால் என்னையும் சேர்த்து மூடிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள்" என்கிறார் எண்பது வயது மாமியார். இருவருக்கும் நடுவில் நின்று தவிக்கும் அச்சகோதரி, யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறார்.

கணவருடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. வழிப்போக்கர் திண்ணையில் அமர்ந்து உண்டு, குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சுற்றுலா வந்தோர் கேளாமலே ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டு வண்டியை நிறுத்தினால் காலையில் அது இருக்குமா என்ற கவலை வேறு. கடன்பட்டுப் புதுப்பித்த வீட்டின்மீது காவல் எண்ணம் மிகுவது இயல்பே. எனினும் மூதாட்டியின் சொல்லிலும் ஓர் உண்மை இருக்கிறது. அதை உணர, அந்த வீட்டையும் தெருவையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

புதுவைத் தமிழர் வீடு தெருவோடு சேர்ந்தே பிறந்த வீடு. தெருவை ஒட்டி மரத்தூண்களின்மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதன் உட்புறம் திண்ணை, பிறகு நடை, அதனைக் கடந்தால் வானம் தெரியும் முற்றம். தாழ்வாரம் வழிநடப்போர்க்கு வெயிலையும் மழையையும் தடுக்கும். திண்ணை களைத்து வந்தவருக்கு இருக்கை கொடுக்கும். தெருவுக்கும் குடும்பத்திற்கும் இடையே இவ்விரண்டும் நின்று, வருகிறவரைப் படிப்படியாக உள்ளே அழைத்தன. இத்தகைய வீடுகள் வரிசையாக நிற்கும் வைசியாள் வீதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு சீரமைக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. திண்ணையைக் குப்பை சேரும் மூலையாகவே கண்டு சலித்தவர்கள், ஒரு மாலை அவ்வீதிவரை நடந்து போய்ப் பார்க்கட்டும்.

வீட்டின் உடலைப் பற்றியும் ஒரு சொல். இவ்வீடுகள் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துச் சுண்ணாம்பை அரைத்துப் பூசினார்கள் அக்காலக் கொத்தர்கள். அத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும். மெல்ல வெளியே விடவும் செய்யும். விரைவு வேண்டும் என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி ஓதம் ஏறி, உப்புப் பூத்து, சில பருவங்களுக்குள் பூச்சு பாளம் பாளமாக உதிரும். எனவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். அது காய்ந்து இறுகப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை சன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். அச்சுவருக்கும் மூச்சு விட வழி வேண்டியிருப்பதைக் காண்கையில், அதனுள் வாழும் மாந்தரை அடைத்து வைப்பது எங்ஙனம் தகும்?

சுவரைப் பற்றித் திருமறை என்ன சொல்கிறது? இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் வீடு கட்டுவோர்க்கென ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் அங்கிருந்து தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வராதிருக்கவே இக்கட்டளை. கவனியுங்கள், இது பிறருடைய உயிரைக் காக்க எழும் சுவர். மட்டப்பாவில் விளையாடும் அடுத்த வீட்டுக் குழந்தையையும் அது காக்கும். ஆக, சுவர் எழுப்புவது பாவமன்று. அது யாரைக் காக்கிறது, யாரை விலக்குகிறது என்பதே கேள்வி.

விலக்கும் சுவரைப் பற்றியும் அச்சகோதரியின் தெருவே பாடம் சொல்லும். பிரெஞ்சு ஆளுநர்களின் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரையிலான புதுவை நிகழ்ச்சிகளை நாட்குறிப்பாக எழுதிவைத்தார். சம்பா கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற ஒரு சுவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்ட மக்கள் 1745இல் குருவிடம் சென்று, நாங்களும் உங்கள் பிள்ளைகள் அல்லவா என்ற பொருள்பட முறையிட்டனர். குரு அச்சுவரை இடிக்கச் செய்தார். திருப்பீடத்தின் முன்னேயே மனிதனை மனிதன் விலக்கிவைத்த அந்தச் சுவர், கேட்கத் துணிந்தவர்களால் வீழ்ந்தது. ஆயினும் சுவர் விழுந்ததோடு மனத்திலிருந்த பிரிவும் விழுந்துவிட்டது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1748இல், அதே கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோவில் டூப்ளேயின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. அண்டை வீட்டாரின் நெஞ்சில் அது எத்தகைய காயத்தை ஏற்படுத்தியிருக்கும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1761இல் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது நம் கோவிலும் தகர்க்கப்பட்டது; இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் நிறைவுற்றது. இடித்தல் எளிது, கட்டுதல் அரிது என்பதற்கு இத்தெருக்களே சாட்சி. அவற்றின் நடுவே குடியேறும் கிறிஸ்தவக் குடும்பம், அயலாரோடு உறவைக் கட்டும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டே குடியேறுகிறது.

ஆகவே அச்சகோதரிக்கு நாம் கூறுவது இதுவே. திண்ணையை முற்றிலும் அடைக்க வேண்டாம். தாழ்வாரத்துத் தூண்களுக்கிடையே இடுப்பளவு மரக்கதவு ஒன்று போதும். பகலில் திறந்திருக்கட்டும், இரவில் தாழிடலாம். வாயிலில் நல்ல விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். வண்டியை நடைக்குள் ஏற்ற ஒரு சாய்தளம் அமைத்தால், அதுவே மாமியார் தடுமாறாமல் இறங்கவும் உதவும். செலவும் கம்பிக் கதவைவிடக் குறையலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, நாள்தோறும் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்திருக்கும் ஒரு மூதாட்டியைவிட நல்ல காவல் எந்த வீட்டிற்கு உண்டு? போவோர் வருவோர் முகமெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஒரு நாள் உடல்நலம் குன்றினால், திண்ணையில் அவரைக் காணோமே என்று தெருவும் வந்து கேட்கும். அடைத்த வீட்டிற்குள் விழுந்து கிடப்பவரை யார் தேடி வருவார்?

அடுத்து, குடும்பமாக வெளியே இறங்குங்கள். ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு ஒவ்வொரு திசையாக நடந்து பாருங்கள். தெற்கே தொடர்வண்டி நிலையத்தருகில் 1907இல் மந்திரிக்கப்பட்ட திரு இருதய ஆலயம் செவ்வண்ணமும் வெண்மையுமாக நிற்கிறது. 2011இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. கிழக்கே வாய்க்காலைக் கடந்து துமா வீதிக்குச் சென்றால், கப்ஸ் கோவில் என வழங்கும் தேவதூதர்களின் அன்னை ஆலயத்தைக் காணலாம். கப்புச்சின் துறவிகளின் நினைவைத் தாங்கிய அவ்வாலயம் 1855இல் கட்டி முடிக்கப்பட்டது. தென்மேற்கே இசுலாமியச் சகோதரர் வாழும் தெருக்களும் பள்ளிவாசலும் இருக்கின்றன. வடக்கே இந்துச் சகோதரர்களின் கோவில்களும் அவற்றின் தேர் ஓடும் வீதிகளும் உள்ளன. பிள்ளைகள் இவற்றையெல்லாம் கண்களால் கண்டு வளரட்டும்.

கட்டடங்களைக் கண்டால் மட்டும் போதாது. இருபுறமும் எதிரிலும் உள்ள வீடுகளுக்குச் சென்று, "நாங்கள் இங்கே குடிவந்திருக்கிறோம்" என்று சொல்லிவாருங்கள். பழுதுபார்த்த மாதங்களில் தூசியையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்களே அல்லவா? அதற்கு நன்றி கூறுங்கள். தெருப் பெருக்கும் அம்மாவின் பெயரைப் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். அவருக்கு ஒரு குவளை மோர் கொடுக்கும்போது, அதே திண்ணையில் அமரச் சொல்லிக் கொடுங்கள். 1745இல் விழுந்த சுவரின் மிச்சம் நம் உள்ளத்தில் இருக்கிறதா, இல்லையா என்பது அந்தக் குவளையிலும் இருக்கையிலும் தெரிந்துவிடும்.

இனி, வீடு மந்திரித்தல் பற்றி. கடன் முடியாத வீட்டில் ஊர் மெச்சும் விருந்து வேண்டாம். பங்குத் தந்தையை அழையுங்கள். அன்பியத்தாரும் அண்டை வீட்டாரும் வரட்டும். எளிய பலகாரம் போதும். திரு இருதய ஆண்டவரின் படத்தைக் கூடத்தில் நிறுவி, குடும்பத்தை அவருக்கு ஒப்புக்கொடுங்கள். இல்லங்களில் திரு இருதயத்தை அரியணை ஏற்றும் பக்திமுயற்சியை மத்தேயோ கிராலி-போவே என்ற குரு 1907இல் தொடங்கிப் பரப்பினார். இப்பக்திமுயற்சி சுவருக்கு அணி செய்வதற்காக ஏற்பட்டதன்று. வீட்டின் தலைவர் இனி அவரே என்று அறிக்கையிடுவதே அதன் பொருள். அவர் தலைவராகும் வீட்டில் யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. சக்கேயுவின் வீட்டிற்கு அழையாமலே விருந்தினராகச் சென்றவர் அவர். அன்றே அவ்வீட்டின் பணப்பெட்டியும் ஏழைகளுக்காகத் திறந்தது.

அன்பியச் செபம் முறைவைத்து வீட்டுக்கு வீடு வரும்போது, உங்கள் முறையைத் தட்டிக் கழிக்காதீர்கள். புது வண்ணத்தில் கறைபடுமே, பளிங்குத் தரை அழுக்காகுமே என்று அஞ்சினால், அவ்வீடு காட்சிப் பொருளாகிவிடும். கறையைத் துடைத்துவிடலாம். வருவார் இன்றிக் கிடக்கும் கூடத்தின் வெறுமையை எதைக் கொண்டு துடைப்பது?

பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் எருசலேமின் மதிலைச் செப்பனிட்டதை நெகேமியா நூல் விவரிக்கிறது. பலர் தத்தம் வீட்டிற்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்தார்கள். அவ்வாறே நகரம் முழுவதும் எழுந்து நின்றது. சகோதரியே, உங்கள் வீட்டிற்கு எதிரே இருக்கும் தெருவே உங்கள் பங்கு. கணவரையும் மாமியாரையும் ஒருங்கே திண்ணையில் அமர்த்தி, இதனைப் படித்துக் காட்டுங்கள். முடிவை மூவருமாகச் சேர்ந்து எடுங்கள். முதியவரின் விருப்பத்தைக் கேட்ட பின்னரே கொல்லனுக்கு முன்பணம் கொடுங்கள்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லத்தில் தங்கி, அதன் கதவையும் உங்கள் இதயத்தையும் திறந்தே வைப்பதாக!