'மறுபடியும்' துளசி செய்தது தப்பா?

'மறுபடியும்' படத்தை டி.வி.யில் போடும்போதெல்லாம் எங்கள் தெருவில் பட்டிமன்றமே நடக்கும். மனம் மாறி வந்து நிற்கும் கணவனைத் துளசி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டாமா என்பதுதான் சண்டை. "திரும்பி வந்துட்டான்ல, அப்புறம் என்னவாம்?" என்பார்கள் பெரியவர்கள்.

1993-ல் பாலுமகேந்திரா எடுத்த படம். மகேஷ் பட் 1982-ல் இந்தியில் எடுத்த 'அர்த்' படத்தின் தமிழ் வடிவம். ரேவதிதான் துளசி. சினிமா டைரக்டரான கணவர் (நிழல்கள் ரவி), நடிகை கவிதாவிடம் (ரோகிணி) போய்விடுகிறார். இதே பாலுமகேந்திரா 1987-ல் 'ரெட்டைவால் குருவி' எடுத்தவர். இரண்டு பெண்டாட்டிக்காரன் படும் பாட்டைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். மனைவி பக்கமிருந்து பார்த்தால் சிரிப்பு வருமா என்று ஆறு வருஷம் கழித்து அவரே காட்டிவிட்டார்!

தான் இப்படிச் செய்துவிட்டு வந்திருந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று துளசி கணவரைக் கேட்கும் இடத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் என்னை உறுத்துவது அந்த வீட்டுச் சாவி. அநாதையாக வளர்ந்த துளசிக்குச் சொந்த வீடு என்றால் உயிர். கணவர் சாவியைக் கொடுத்தபோது எவ்வளவு சந்தோஷம்! அது அந்த நடிகையின் பணத்தில் வந்த வீடு என்று தெரிந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் அங்கே சோறு இறங்கும்? துளசி கிளம்பிவிடுகிறாள்.

நம்மில் எத்தனை பேரால் அப்படிக் கிளம்ப முடியும்? துளசிக்குக் குழந்தை இல்லை. நமக்கோ ஸ்கூல் ஃபீஸ், மளிகை பாக்கி, கேஸ் சிலிண்டர் என்று வரிசையாக நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கணவர் இன்னொரு வீட்டுக்குப் போக ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. "பசங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கோ" என்றார்கள் இரண்டு வீட்டாரும். பொறுத்தார். போன வருஷம் அந்த மனிதர், "வீடு என் பேர்ல இருக்கு, நீ வெளியே போ" என்றதும் அக்கா பெட்டியைக் கட்டிவிட்டார். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ள முடியாது. இது அவருக்கும் தெரியாது, புத்தி சொன்ன பத்துப் பேருக்கும் தெரியாது! கோர்ட்டில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தில் கேட்ட பிறகுதான் பெட்டியைப் பிரித்தார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கே வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள்.

2018-ல் சுப்ரீம் கோர்ட் கள்ளத்தொடர்பு குற்றமில்லை என்று சொன்னதும், இனி ஆண்களைக் கேட்பாரே இல்லை என்று புலம்பியவர்கள் உண்டு. அந்தப் பழைய சட்டத்தில் மனைவி புகார் கொடுக்கவே வழியில்லை என்பதுதான் உண்மை. விவாகரத்துக்கு அது இன்றைக்கும் ஒரு காரணமாக இருக்கிறது.

படத்தில் வேலைக்காரப் பெண்ணை யாரும் பேசுவதில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைப் புருஷன் தூக்கிக்கொண்டு போகிறான். அவனைக் கொன்றுவிட்டு அவள் ஜெயிலுக்குப் போக, குழந்தையைத் துளசி வளர்க்கிறாள். ஆதரவாகப் பழகிய கௌரிசங்கரையும் (அரவிந்த்சாமி) வேண்டாமென்று விடுகிறாள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நல்ல பையன்!

என் மாமியார் மட்டும் பட்டிமன்றத்தில் எந்தப் பக்கமும் சேரமாட்டார். "அதெல்லாம் சரி, புள்ளையையும் வச்சுக்கிட்டு மாசாமாசம் வாடகைக்கு என்ன பண்ணுவா?" என்று கேட்பார். தோழிகளே, இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எழுதுங்கள்.

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்