வண்டி ஏன் நிக்குது?

சந்துக்குள் மாட்டிக்கொண்ட லாரியின் வீடியோ மாதத்துக்கு ஒன்றாவது என் போனுக்கு வந்துவிடுகிறது. முன்னால் போக முடியாது, பின்னால் வர வழியில்லை. இரண்டு பக்கமும் மாடிப்படி, பால்கனி, கரண்ட் ஒயர். டிரைவர் கதவைத் திறந்து இறங்கக்கூட இடமில்லாமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே நம்மாட்கள் வந்து 'மேப் சொன்னா கெணத்துல குதிப்பியா?' என்று எழுதிச் சிரிப்பார்கள்.

எதிர்ப் பக்கத்தில் இலக்கியவாதிகளின் புலம்பல் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து லாரிக்காரர் புளியமரத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து வழி கண்டார், இன்றைக்கு நீலக் கோட்டுக்கு அடிமையாகிவிட்டார், மனித நினைவே அழிகிறது, இத்யாதி. எனக்கு இரண்டு தரப்பின் மீதும் கோபம்தான். ஒருவர் டிரைவரை முட்டாளாக்குகிறார், இன்னொருவர் சித்தராக்குகிறார். சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற ஆள் என்பது ரெண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

நான் சங்ககிரிக்காரன். எங்கள் தெருவில் ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஸ்டியரிங் பிடித்தவர் இருப்பார். புளியமரம் பார்த்து வழி கண்ட கதை எதையும் நான் கேட்டதில்லை. வழி கண்டுபிடித்தது கிளீனர். டீக்கடையில் இறங்கிக் கேட்பது அவன், தாழ்ந்து தொங்கும் ஒயரைக் குச்சியால் தூக்கிப் பிடிப்பது அவன், ரிவர்ஸில் பின்னால் நின்று 'வரலாம், வரலாம், ஹோல்டான்' என்று கத்துவது அவன். அந்தப் பையனுக்குத் தருகிற சம்பளமும் சாப்பாடும் மிச்சமாகட்டும் என்று முதலில் அவனை இறக்கிவிட்டார்கள். பல வண்டிகளில் ரெண்டாவது டிரைவரும் போனார். பிறகு போன் வந்தது. ஆக, டிரைவர் நினைவைத் தொலைத்துவிட்டு மேப்பிடம் போகவில்லை. கூட இருந்த ஆளைப் பிடுங்கிக்கொண்டு அவர் கையில் போனைக் கொடுத்தார்கள். போனையும் அவரே வாங்கினார், ரீசார்ஜும் அவர் காசு.

என் சித்தப்பாவுக்கு மேப் மீது ஒரு வருத்தமும் இல்லை. "இந்தி ஒரெழுத்து படிக்கத் தெரியாம முப்பது வருசம் ஓட்டுனேன் கண்ணு. ஐதராபாத் ரிங் ரோட்டுல தமிழ்ல ஒரு பொண்ணு 'இடப்புறம் திரும்பவும்'ங்குது. சாமி கும்புடலாம் அதுக்கு" என்பார். அவர் பேச்சில் எனக்கும் உடன்பாடுதான். என் சண்டை வேறு இடத்தில்.

அந்த மேப்பைத் திறந்து பாருங்கள். கார், பைக், பஸ், நடை என்று கேட்கும். பைக்குக்குத் தனி வழியை 2017-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். லாரி என்று ஒரு பொத்தான் அதில் கிடையாது. லோடோடு 28.5 டன் வரை போகிற பத்துச் சக்கர வண்டி, மேப்பின் கண்ணுக்கு ஒரு மாருதி கார். உயரம் என்ன, எடை என்ன, தார்ப்பாய்க்கு மேலே எவ்வளவு ஏற்றியிருக்கிறாய், எதையும் அது கேட்பதில்லை. கேட்காததால், ரயில்வே சப்வே தட்டும் என்றும் சொல்ல முடியாது, ஊருக்குள் கனரக வண்டிக்குப் பகலில் அனுமதியில்லை என்றும் சொல்ல முடியாது. திம்பம் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 27 கொண்டை ஊசி வளைவு. புலிகள் காப்பகத்துக்குள் போகிற ரோடு என்பதால் கனரக வண்டிகளுக்கு 2022-இல் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. காருக்குத் திறந்திருக்கிற நேரத்தில் லாரிக்கு மூடியிருக்கும். ஓட்டுவது என்ன வண்டி என்றே தெரியாத மேப்புக்கு இந்த வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

செய்ய முடியாத வேலையா இது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லாரிக்கென்றே நேவிகேஷன் கருவி விற்கிறார்கள். கிளம்பும் முன் உயரம், எடை, நீளம் போட்டால் தாழ்ந்த பாலத்தையும் எடை தாங்காத பாலத்தையும் விலக்கி வழி சொல்லும். இங்கே நமக்கு அந்த விவரம் இல்லையே என்பார்கள். பாலம் கட்டியவர்களிடம் அதன் உயரம் இல்லாமலா போகும்? கிட்டே போனபிறகு தெரிகிற போர்டாக அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி இன்னொரு ஜிபிஎஸ்ஸுக்கு வருகிறேன். அது வண்டிக்குள் ஒயரோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட சின்னப் பெட்டி. டிரைவருக்கு வழி சொல்லாது. டிரைவர் எங்கே இருக்கிறார் என்று ஓனருக்கும் பார்ட்டிக்கும் சொல்லும். ஒருமுறை சேலத்திலிருந்து நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு. அதிலாபாத் தாண்டி கண் சொருகுகிறது என்று சித்தப்பா ஓரங்கட்டியிருக்கிறார். இருபது நிமிடம் ஆகியிருக்காது. ராத்திரி 2.40-க்கு போன். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். லைனில் என் வயசுப் பையன் ஒருத்தன்.

"அண்ணே, வண்டி ஏன் நிக்குது?"

"தூங்குறேன் தம்பி."

"சிஸ்டத்துல ரெட் காட்டுதுண்ணே. கொஞ்சம் எடுத்துருங்க."

எடுத்துவிட்டார். அந்தப் பையன் மீதும் எனக்குப் பெரிய கோபமில்லை, அவனும் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து ரெட்டைப் பச்சையாக்குகிறவன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். சேலம் - நாக்பூர் சுமார் 1,250 கிலோமீட்டர். அரசாங்கத்தின் ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் ஏழு நாள் தருகிறது. புக்கிங் ஆபீஸ் தருவது ரெண்டு நாள். நாளைக்கு 8 மணி நேர வேலை, நெடுந்தூரமென்றால் 10 மணி நேரம் வரை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் ஓட்ட விடக்கூடாது என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் 1961-லேயே எழுதிவிட்டார்கள். அது மீறப்பட்டது என்று நிரூபிக்க அன்றைக்கு வழியில்லை. இன்றைக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே எத்தனை நிமிடம் நின்றது, எல்லாம் அந்தப் பெட்டியில் பதிவாகிறது. 17 மணி நேரம் ஓட்டினால் 17 மணி நேரமும் இருக்கும். அதில் நின்ற நேரத்துக்கு ரெட் உண்டு. ஓடிய நேரத்துக்கு ரெட் கிடையாது.

ஓனர்கள் தரப்பும் எனக்குத் தெரியும். டீசல் திருட்டு பொய்யில்லை, லோடோடு வண்டி காணாமல் போவதும் உண்டு. ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு டியூ கட்டுகிறவர் எங்கள் ஊரில் ஏராளம். பெட்டியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை நான். ஓனருக்குப் போகிற அதே ஷீட் டிரைவர் போனுக்கும் தமிழில் வரட்டும் என்கிறேன்.

ஏனென்றால் விபத்து நடந்தால் வழக்கு யார் மேல்? 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்து பரேலி அருகே, கட்டி முடிக்காத பாலத்திலிருந்து ஒரு கார் ராமகங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப் காட்டிய வழி என்றார்கள், பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவானது. அது நியாயம். ஆனால் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் 'டிரைவர் தூக்கக் கலக்கம்' என்பதோடு செய்தி முடிந்துவிடும். தூங்க விடாதது யார் என்று ஒரு வரி இருக்காது. புதிய குற்றவியல் சட்டத்தில், இடித்துவிட்டுச் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள், அரசும் அதை நிறுத்திவைத்தது. அப்போதுகூட அந்த ஷீட்டை யாரும் கேட்கவில்லை. ஒரு விபத்து வழக்கிலாவது, முந்தின 48 மணி நேரத்தில் வண்டி எங்கெங்கே நின்றது என்ற பதிவை போலீஸ் முதலில் வாங்கட்டும். பாதி எஃப்ஐஆரில் இரண்டாவது பெயர் ஒன்று சேரும்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது சித்தப்பாவிடம் சொன்னேன், ஆபீஸில் உங்கள் ஷீட்டை ஒரு காப்பி கேளுங்கள் என்று. மேப்பை நோண்டிக்கொண்டே, "கேட்டா அடுத்த லோடு வேற ஆளுக்குப் போயிரும் கண்ணு" என்றார்.