அம்பாசிடர் அப்படி என்ன கெட்டி?

"அந்தக் காலத்து அம்பாசிடர் மாதிரி வருமா? இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா." கார் பேச்சு வந்தால் இதைச் சொல்ல எந்தக் கல்யாண வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். அம்பாசிடர் மேல் எனக்கும் பிரியம் உண்டு. பின்சீட்டில் நாலு பேர் தாராளமாகச் சாய்ந்து போன வண்டி அது. ஆனால் பிரியம் வேறு, நம்பி ஏறுவது வேறு.

எந்தக் குக்கிராமத்திலும் ரிப்பேர் பார்க்கலாம் என்பார்கள். உண்மைதான். ஊருக்கு நாலு மெக்கானிக் பிழைத்ததே அது அடிக்கடி படுத்ததால்தானே! டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் பாயின்ட் கருகிப்போகும். உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால்தான் இன்ஜின் ஒழுங்காகப் பிடிக்கும். சித்திரை வெயிலில் பம்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, மேட்டில் ஏறும்போது வண்டி நின்றுவிடும். டிரைவர் பானெட்டைத் தூக்கி, பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு பீடி பற்றவைப்பார். கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறந்தால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். இதையெல்லாம் நாம் பழுது என்று எண்ணவே இல்லை, பராமரிப்புக் கணக்கில் எழுதிவிட்டோம்.

ஐம்பது வருடம் ஆகியும் ஓடுகிறதே என்றால், ஓடுவது மட்டும்தானே கண்ணில் படும்? காயலான் கடைக்குப் போனவற்றை யார் பார்த்தார்கள்? ஓடுகிற வண்டியிலும் இன்ஜினை எத்தனை தடவை இறக்கி, போர் அடித்து, பிஸ்டன் மாற்றினீர்கள் என்று உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஓடோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். இன்று டாக்ஸியாக ஓடும் சின்னக் கார் இன்ஜினைத் திறக்காமலே இரண்டு லட்சம் கிலோமீட்டர் போனால் யாரும் வியப்பதில்லை.

மட்டமான வண்டி இத்தனை காலம் விற்குமா? விற்கும், வேறு வண்டி கிடைக்காவிட்டால். 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை வைத்துக் கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்தார்கள். லைசென்ஸ் காலத்தில் அதற்குப் போட்டி ஒன்றிரண்டு வண்டிகள்தான். 1983 கடைசியில் மாருதி 800 வந்ததும் ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பது ஊரறிந்தது.

அப்புறம் அந்தத் தகரம். 2009இல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு ஆய்வமைப்பு, 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். கனத்த பழைய காரில் ஆள் உட்காரும் கூடே நொறுங்கி, டிரைவர் பொம்மை ஸ்டீயரிங்கில் போய் மோதியது. புதியதில் முன்பக்கம் அப்பளமானது. உள்ளே கூடு அப்படியே நின்றது. முன்பக்கத்தை நசுங்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். அடியை அது வாங்கிக்கொள்ளாவிட்டால் நம் நெஞ்செலும்பு வாங்கும்.

பெரியவர் ஜெயிப்பது ஒரு இடத்தில். இன்று ஒரு சென்சார் போனாலே வண்டி முடங்குகிறது. ஸ்கேனர் இல்லாமல் கோளாறு எங்கே என்றே தெரிவதில்லை. ஒரு ஒயர் பிய்ந்தாலும் முழு செட்டையும் மாற்று என்கிறார்கள். தெருமுனை மெக்கானிக் கையில் கம்பெனி சாஃப்ட்வேர் கிடைப்பதில்லை. அதைக் கேட்டுச் சண்டை போடுவதென்றால் நானும் கூட வருகிறேன்.